மண்ணுக்குள் வெந்த கல்



உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் வழியில் மறையூர் இருக்கிறது. சந்தன மரத்துக்கும் வெல்லத்துக்கும் பெயர் பெற்ற ஊர். இங்கே பாறைகளின் மேல் சிறு கல்வீடுகள் உண்டு. சுவருக்குப் பதில் கற்பலகைகள் நிற்கும். கூரைக்குப் பதில் ஒரு பெரிய பலகை மூடியாகக் கிடக்கும். மக்கள் இவற்றை முனியறை என்கிறார்கள். முனிவர்கள் தங்கிய அறை என்பது நம்பிக்கை. ஆனால், இவை இறந்தவர்களுக்காக 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பிய ஈமச் சின்னங்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள்.

இவ்வளவு அகலமான கற்பலகைகள் எப்படிக் கிடைத்தன? பாறையின் கதையைக் கேட்டால் விடை கிடைக்கும்.

பச்சை மண் கல்லைச் சூளையில் வைக்கிறோம். அது உருகுவதில்லை. ஆனால் வெந்து செங்கல் ஆகிறது. பிறகு அது மண்ணாகக் கரைவதில்லை. பூமிக்குள்ளும் இப்படி ஒரு சூளை உண்டு. ஒரு கிலோமீட்டர் ஆழம் போனால் வெப்பம் 25 டிகிரி அளவுக்குக் கூடும். 20 கிலோமீட்டர் ஆழத்தில் 500 டிகிரியையும் தாண்டும். பாரமோ இன்னும் பெரிது. நம் நகம் அளவு இடத்தில் 5 டன்னுக்கு மேல் அழுத்தும்!

இந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் பாறை உருகாமலே மாறுகிறது. சுண்ணாம்புக் கல் பளிங்கு ஆவது இப்படித்தான். இவை உருமாறிய பாறைகள்.

மறையூர்ப் பகுதியில் நைஸ் என்ற உருமாறிய பாறை நிறைய உண்டு. அருகில் போய்ப் பாருங்கள். கருப்பும் வெள்ளையுமாக வரிகள் தெரியும். கருப்பு வரியில் மினுங்குவது காக்காப்பொன். வைக்கோலை மிதித்தால் தாள்கள் படுக்கையாகப் படியும் அல்லவா? அதுபோல அழுத்தத்தில் காக்காப்பொன் தகடுகள் ஒரே போக்கில் படிந்தன. இது நடந்து சுமார் 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

ஆழத்தில் இருந்த பாறை மேலே வந்தது எப்படி? நிலம் உயர்ந்தது. மழையும் காற்றும் மேலிருந்த பாறையைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்தன. பாரம் குறைந்தது. அமுங்கிக் கிடந்த பாறை சற்றே விரிந்தது. வெங்காயத் தோல் போலத் தட்டுத் தட்டாகப் பிளந்தது. அன்றைய மக்கள் இந்தப் பிளவைக் கண்டுகொண்டார்கள். நெம்பிப் பலகையாக எடுத்தார்கள். கல்லையே படித்தவர்கள் அவர்கள்!

இன்று பல முனியறைகள் சரிந்து கிடக்கின்றன. பலகைகள் உடைந்துள்ளன. கல் இன்னும் கிடைக்கும். அதை நிறுத்தி வைத்த கைகள் கிடைக்குமா? எனவே புதையல் ஆசையில் யாரும் தோண்ட வேண்டாம். வேலிக்கும் படிக்கும் பலகையைப் பெயர்க்க வேண்டாம். பெயர் எழுத வேண்டாம். யாராவது செய்தால் பஞ்சாயத்தில் சொல்லுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போய் அந்த வரிகளைக் காட்டுங்கள்.