மூன்று வருஷப் பட்டமும் கிரீன் கார்டு வரிசையும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"அமெரிக்காவைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்றார் செயலாளர். அங்கே பனி எப்படிப் பெய்யும் என்பதெல்லாம் நீங்கள் செல்போனிலேயே பார்த்துவிடுகிறீர்கள். காலையிலிருந்து நாலு மாணவர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், கம்பெனி கிரீன் கார்டு போடும்போது ஈ.பி.-2 கேக்கணுமா, ஈ.பி.-3 கேக்கணுமா?" ஆகவே அதையே பேசிவிடுகிறேன்.

நான் திருப்புட்குழிக்காரன். அப்பா பட்டுத்தறி நெய்தவர். முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டால் கடன் தீரும்வரை வேறொருவருக்கு நெய்ய முடியாது என்பது நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். கம்பெனி மூலமாகக் கிரீன் கார்டு வாங்குவதும் முதல் சில வருஷங்களுக்கு ஏறக்குறைய அப்படித்தான். அந்தக் கட்டு எங்கே தளர்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

முதலில் கம்பெனி விளம்பரம் செய்து, தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையில் மனுப் போட வேண்டும். 2005 முதல் இதற்குப் பெர்ம் என்று பெயர். இதன் வக்கீல் செலவை உங்கள் தலையில் கட்டக் கூடாது என்று 2007-லிருந்து விதியே இருக்கிறது. அடுத்து ஐ-140 மனு. வரிசையில் நம் தேதி வந்ததும் ஐ-485. பெர்ம் தாக்கலான நாள்தான் உங்கள் முன்னுரிமைத் தேதி. அந்தத் தேதிதான் சொத்து.

வரிசை ஏன் நீளம் என்றால், 1990-ஆம் வருஷச் சட்டப்படி வேலை வழியாக வருஷத்துக்குச் சுமார் 1,40,000 பேருக்குத்தான் இடம். மனைவி, கணவன், பிள்ளைகளும் இதற்குள்ளேயே. எந்த நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. நம் ஆட்களின் கூட்டமோ உங்களுக்குத் தெரியும்.

ஈ.பி.-2-க்கு மாஸ்டர்ஸ் பட்டம் வேண்டும், அல்லது பாச்சிலர் பட்டமும் அதற்குப் பின் ஐந்து வருஷ அனுபவமும் வேண்டும். பி.இ. படித்தவருக்கு நாலு வருஷம், சிக்கலில்லை. நம் கல்லூரி பி.எஸ்ஸி. மூன்று வருஷம். அமெரிக்கக் கணக்கில் அது தனியாக நின்றால் முழு பாச்சிலர் பட்டமாக நிற்பதில்லை. மேலே எம்.சி.ஏ.வோ எம்.எஸ்ஸி.யோ முடித்திருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். பி.எஸ்ஸி.யோடு கம்ப்யூட்டர் டிப்ளமா மட்டும் என்றால் ஈ.பி.-2 பக்கம் போவது ஆபத்து.

எனக்கு அந்தப் பி.எஸ்ஸி. கணிதமும் டிப்ளமாவும்தான். "ஈ.பி.-2 போட்டுப் பார்க்கலாமே" என்றார் வக்கீல். நான் ஒப்பவில்லை. ஈ.பி.-3-இல் திறன் தொழிலாளர் என்றொரு பிரிவு உண்டு. இரண்டு வருஷ அனுபவம் தேவைப்படும் வேலையாக இருந்தால் போதும். படிப்பும் அனுபவமும் சேர்ந்து சமமானால் ஏற்போம் என்று பெர்ம் விண்ணப்பத்திலேயே எழுத வைத்தேன். என் தேதி 2006 மார்ச்.

அடுத்த வருஷம் 2007 ஜூலையில் எல்லாத் தேதிகளும் திறந்தன என்று அறிவித்து, 2-ஆம் தேதியே இல்லை என்று கைவிரித்தார்கள். நம்மவர்கள் காந்தி வழியில் குடியேற்றத் துறை இயக்குநருக்குப் பூங்கொத்துகளாக அனுப்பினார்கள்! 17-ஆம் தேதி மறுபடி திறந்தது. நானும் ஐ-485 போட்டேன். அது 180 நாள் நிலுவையில் இருந்துவிட்டால் அதே மாதிரி வேலைக்குக் கம்பெனி மாறலாம். கட்டு தளர்வது அங்கேதான். கார்டு கைக்கு வந்தது 2017-இல். என் தேதிக்காரர்களில் ஈ.பி.-2 போட்ட எம்.சி.ஏ. நண்பர்களுக்கு 2011-லேயே முடிந்துவிட்டது. வயிறு எரிந்தது உண்மை.

ஆனால் இன்னொரு வகுப்புத் தோழனைச் சொல்ல வேண்டும். என்னைப் போலவே பி.எஸ்ஸி., டிப்ளமா. அதே 2006-இல் அவனுடைய கம்பெனி ஈ.பி.-2 போட்டது. 2008-இல், மூன்று வருஷப் பட்டம் செல்லாது என்று ஐ-140 தள்ளுபடி. தள்ளுபடியான ஐ-140-இல் தேதி மிஞ்சாது. வேறு கம்பெனியில் ஈ.பி.-3-இல் 2010-இல் முதலிலிருந்து தொடங்கினான். 2021-இல் அவனுக்கும் மனைவிக்கும் கார்டு வந்தது. பையனுக்கு 2019-லேயே 21 வயது ஆகிவிட்டது. அப்பா அம்மா நிரந்தரவாசிகள், பிள்ளை மாணவர் விசாவில். அந்த வீட்டில் அந்தச் சந்தோஷத்தை எப்படிக் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

"அப்போ ஈ.பி.-2 தகுதி இருந்தா அதுதானே சார்?" என்றால், ஆமாம், ஆனால் வரிசை புரளும். 2020 அக்டோபரில் மனுப் போடும் தேதி ஈ.பி.-3-க்கு 2015 ஜனவரி வரை வந்தது, ஈ.பி.-2 2011 மே-யிலேயே நின்றது. ஆயிரக்கணக்கானோர் கீழே இறங்கி மனுப் போட்டார்கள். 2022-இல் ஈ.பி.-2 2014 டிசம்பர் வரை ஓடி, அந்த டிசம்பரிலேயே 2011 அக்டோபருக்குத் திரும்பியது. நல்ல வேளை, ஒரே பெர்மை வைத்து இரண்டிலும் ஐ-140 வாங்கி வைத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் போகலாம்.

கம்பெனி மாறினால் தேதி போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். ஐ-140 அங்கீகாரமாகிவிட்டால், பழைய கம்பெனி வாபஸ் வாங்கினாலும் தேதி உங்களுடையதே. இது 2017 ஜனவரி விதி. புதுக் கம்பெனி பெர்மும் ஐ-140-உம் புதிதாகப் போட வேண்டும், அவ்வளவுதான். பொய்ச் சான்றிதழ் கொடுத்து மாட்டினால் தேதியும் போகும்.

கனடா போகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேலை ஆஃபருக்குக் கிடைத்த கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச் 25-இல் எடுத்துவிட்டார்கள். அதைக் காட்டிப் பணம் கேட்கும் ஏஜெண்டுகள் இன்னும் இருக்கலாம்.

மாணவர்கள் இங்கேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மனுப் போடும் கம்பெனியிலேயே பெற்ற அனுபவத்தைப் பெர்மில் பொதுவாகச் சேர்க்க முடியாது. ஆகவே ஒவ்வொரு வேலையை விடும்போதும் என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். ஐந்து வருஷம் கழித்துக் கேட்டால் அந்தக் கம்பெனியே இருக்காது.

மேற்கொண்டு கேட்க வேண்டியவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு மார்க் ஷீட்டோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.