வயதானவர்களுக்கு வரும் வலிப்பு



வலிப்புன்னா சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றதுன்னுதான் நாம நினைக்கிறோம். அறுபது வயசுக்கு மேல முதல் தடவையா வருவதும் உண்டு. என் மாமனாருக்கு 67 வயசுல வந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னாடி பக்கவாதம் வந்திருந்தது. இந்த வயதில் வலிப்புக்கு முக்கியக் காரணமே பக்கவாதம்தான் என்று டாக்டர் சொன்னார். ரத்தம் போகாத இடத்தில் மூளையில் தழும்பு விழுந்துவிடும். அதைச் சுற்றித்தான் வலிப்பு கிளம்புகிறதாம்.

தலையில் அடி, மூளைக்கட்டி, மறதி நோய், குடியைத் திடீரென்று நிறுத்துவது இவையும் காரணங்கள். ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு குறைந்தாலும் வரும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிடந்தாலும் வரும். அதனால்தான் ரத்தப் பரிசோதனை, தலை ஸ்கேன், இ.இ.ஜி. எல்லாம் பார்க்கிறார்கள். எங்களுக்கு அந்தச் செலவுக்குக் குழுவின் உள்கடன்தான் கை கொடுத்தது.

எல்லாருக்கும் கைகால் இழுக்காது. சில பேர் கொஞ்ச நேரம் வெறிச்சுப் பார்ப்பாங்க, கூப்பிட்டா பதில் வராது. வயசாச்சு, மறதின்னு விட்டுடாதீங்க.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் துணி வையுங்கள். சாவி, இரும்பு கொடுப்பதால் நிற்காது; பெரும்பாலும் ஓரிரு நிமிஷத்தில் தானாகவே நிற்கும். வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்கக் கூடாது. 5 நிமிஷம் தாண்டினாலும், அடுத்தடுத்து வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் தடவை என்றால் நின்ற பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

பெரியவர்களுக்கு லெவடிராசிட்டம் போன்ற மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்குகிறார்கள். நிறையப் பேருக்கு ஒரே மாத்திரையில் அடங்கிவிடுகிறது. தூக்கம், தள்ளாட்டம், எரிச்சல் இருந்தால் டாக்டரிடம் சொல்லணும். பி.பி., சர்க்கரை மாத்திரைகளையும் காட்டணும்.

ஆனா மாத்திரையை நாமளா நிறுத்தக் கூடாது. "நல்லாத்தானே இருக்கேன்"னு மாமனார் நாலு மாசத்துல நிறுத்திட்டார். பத்து நாள்ல கொல்லையில விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுது. இப்ப தினமும் என் மாமியார் கையால மாத்திரை கொடுக்கிறாங்க. அப்புறம் வலிப்பு வரலை.

நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் தினம். அந்த வாரக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இதைப் பேசுங்க. வீட்டுப் பெரியவங்க பி.பி.யைப் பாருங்க. பக்கவாதத்தைத் தடுத்தாலே நிறையப் பேருக்கு வலிப்பு வராம காக்கலாம்.