மருந்து சாப்பிட்டால் மனசு மரத்துப்போகுமா?



நம் விழுப்புரத்துக்கு மேற்கே, திருக்கோவிலூரில், பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று நிற்கிறது. கபிலர் உயிர்விட்ட இடம் என்று ஊரார் சொல்லும் பாறை அது. அவர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் தொடக்கத்திலேயே ஒரு தாய் தவிக்கிறாள். மகள் வாடிக்கொண்டே போகிறாள். என்ன நோய் என்று தாய்க்கு விளங்கவில்லை. விவரம் தெரிந்தவர்களைக் கேட்கிறாள், தெய்வங்களுக்குப் பூவும் புகையும் படைக்கிறாள். மகளுக்கு வந்திருப்பது காதல் என்று தோழிக்குத்தான் தெரியும்.

அந்தத் தாய் இன்றும் இருக்கிறாள். திண்டிவனத்தில் பஸ் ஏறி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ போகிறாள். கையில் ஓ.பி. சீட்டு, பக்கத்தில் வாய் திறக்காத மகள். "அந்தப் பையனை மறக்கிற மாதிரி ஏதாவது மாத்திரை குடுங்க டாக்டர்" என்று கேட்கிறாள். அப்படி ஒரு மாத்திரை உலகத்தில் எங்கும் கிடையாது.

ஆனால் காதலுக்கும் மூளையின் ரசாயனத்துக்கும் தொடர்பு இருப்பது உண்மை. 2005இல் அமெரிக்காவில் ஹெலன் ஃபிஷரும் அவருடைய கூட்டாளிகளும், தீவிரமாகக் காதலித்துக்கொண்டிருந்த 17 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, காதலரின் படத்தைக் காட்டினார்கள். மூளையின் அடியாழத்தில், டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் நிறைந்த பகுதி விழித்துக்கொண்டது. 'இது வேண்டும், இதைத் தேடிப் போ' என்று நம்மை உந்தும் பகுதி அது. காதலில் விழுந்தவருக்குப் பசியும் தூக்கமும் பொருட்டாகத் தெரியாததில் வியப்பில்லை.

அதற்கு முன்பே, 1999இல், இத்தாலியின் பீசா நகரில் டொனடெல்லா மராஸிட்டி என்ற மனநல மருத்துவர் புதிதாகக் காதல்வயப்பட்ட 20 பேரின் ரத்தத்தைச் சோதித்தார். கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் பார்க்கவைக்கும் எண்ணச்சுழற்சி நோய் உள்ளவர்களின் ரத்தத்தோடும், இரண்டும் இல்லாதவர்களின் ரத்தத்தோடும் ஒப்பிட்டார். செரோட்டோனினைக் கொண்டுசெல்லும் புரதம் காதலர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஒன்றுபோலக் குறைந்திருந்தது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்துக் காதலர்கள் சிலரை மறுபடி சோதித்தபோது அளவு பழைய நிலைக்கு வந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ரத்தத்தில் கண்டதை வைத்து மூளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒரே முகம் நாள் முழுக்க மனசில் ஓடுவது ஏன் என்று யோசிக்க அது இடம் கொடுத்தது.

இங்கேதான் மருந்து வருகிறது. மனச்சோர்வுக்கு இன்று பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது ஃப்ளுவாக்ஸிடின், செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரைகளை. இவை நரம்பணுக்களுக்கு இடையே செரோட்டோனினைக் கூடுதல் நேரம் தங்கவைப்பவை. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் சாப்பிடுபவர்களில் கணிசமானோர், "அழுகை நின்னுபோச்சு, சிரிப்பும் வரல" என்கிறார்கள். தாம்பத்திய நாட்டம் குறைவதும் அடிக்கடி நேர்வதுதான். 2023இல் கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயில்லாத 66 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எஸ்சிடலோபிராமும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் மூன்று வாரத்துக்குக் குறையாமல் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு, நல்ல பலன் கிடைத்தால் அதன் பக்கம் மனம் சாயும் தன்மை சற்று மழுங்கியிருந்தது. இந்த மருந்துகள் காதலையும் மங்கச்செய்யலாம் என்று ஃபிஷர் கவலைப்பட்டதுண்டு. அது இன்னும் நிரூபணமாகாத கருத்து.

கல்யாணமான புதிதில், மாத்திரை அட்டையைப் புடவைக்கு அடியில் ஒளித்துவைத்துச் சாப்பிடும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கணவன் ஆசையாகப் பேசினாலும் அவளுக்குள் ஒன்றும் அசைவதில்லை. தனக்கு அவரைப் பிடிக்கவில்லையோ என்று பயப்படுகிறாள். மருந்தின் வேலையாக இருக்கலாம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இப்படி மருந்து சாப்பிடுபவர்களே, அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலாம், தூக்கம் கெடலாம், எரிச்சல் வரலாம். விட்ட நோயும் திரும்பலாம். மனச்சோர்வே ஆசையையும் அன்பையும் வற்றவைக்கும் நோய்தான் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். புப்ரோப்பியான் போன்ற சில மருந்துகளில் தாம்பத்தியத் தொல்லை குறைவு.

ஓ.பி. சீட்டோடு வந்த தாய்க்கும் ஒரு சொல். ஊர் வழக்கத்துக்கும் மத நம்பிக்கைக்கும் ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். வேறு சாதிப் பையனை விரும்புவது நோயாகாது. ஆனால் அந்தப் பெண் சாப்பிடாமல், தூங்காமல், வாழ்வே வேண்டாம் என்று பேச ஆரம்பித்தால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. அன்றைக்கே கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள்.

மருத்துவமனைக்குப் போகும்வரை காத்திருக்க முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.