முற்றுகைக்குள் ஒரு கிரயப் பத்திரம்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் இறையியல் படித்தவன் இல்லை. பேங்க்கில் குமாஸ்தா. பகலெல்லாம் பத்திரம், கையெழுத்து, சாட்சி, முத்திரை. அதனாலேயோ என்னவோ, எபிரேயத் தீர்க்கதரிசி எரேமியாவின் புத்தகத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு கிரயப் பத்திரம்தான்.

தீர்க்கதரிசின்னா குறி சொல்ற ஆளுன்னு நினைக்கிறோம். எரேமியா அதிகாரத்தின் முகத்துக்கு நேரே நடப்பைச் சொன்னவர். எருசலேமிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் ஆனதோத் என்னும் சிற்றூர். ஆசாரியர் குடும்பம். கி.மு. 627 வாக்கில் பேச ஆரம்பித்து நாற்பது வருஷம் ஓயவில்லை. கூலி கொடுக்காமல் வேலை வாங்கி மாளிகை கட்டினான் மன்னன் யோயாக்கீம், அதைச் சாடினார். அவர் சொல்லச் சொல்லப் பாருக் எழுதிய சுருளை மன்னன் துண்டுதுண்டாக அறுத்துக் குளிர்காய்கிற நெருப்பில் போட்டான். இருவரும் மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள். முன்னைவிடக் கூடுதலாக.

பேச்சு எடுபடாத இடத்தில் செயலால் பேசினார். பெரியவர்களைக் கூட்டிப்போய், இந்த நகரம் இப்படித்தான் உடையும் என்று மண்ஜாடியைப் போட்டு உடைத்தார். கோவிலிலும் அதையே சொன்னார். அடியும் தொழுமரமும் கிடைத்தன. பிறகு, பாபிலோனுக்குப் பணியுங்கள் என்று கழுத்தில் நுகம் பூட்டி நடந்தார். ரெண்டே வருஷத்துல பாபிலோன் ஒழியும் என்று அனனியா என்பவர் அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தார். மரநுகம் போனால் இரும்பு நுகம் வரும் என்றார் எரேமியா. துரோகி என்று பெயர் வாங்கினார்.

பேரரசுக்குப் பணியச் சொன்ன ஆளை நாம ஏன் படிக்கணும்? நியாயமான கேள்வி. ஆனால் எருசலேம் காப்பாற்ற நினைத்தது யாருடைய விடுதலையை?

கி.மு. 588 வாக்கில் பாபிலோன் படை முற்றுகையிட்டபோது மன்னன் சிதேக்கியாவும் பிரபுக்களும் கன்றை இரண்டாக வெட்டி, நடுவே நடந்து, எபிரேய அடிமைகளை விடுவிப்பதாகச் சத்தியம் செய்தார்கள். சட்டப்படி ஏழாம் வருஷமே விட்டிருக்க வேண்டியவர்கள். பயம் வந்த பிறகுதான் சட்டம் ஞாபகம் வந்தது. எகிப்துப் படை வருகிறதென்று முற்றுகை விலகியதும், விட்டவர்களை மறுபடி இழுத்துவந்து அடிமையாக்கினார்கள். இதற்காகவே நகரம் எரியும் என்றார் எரேமியா.

இப்போ பத்திரத்துக்கு வர்றேன். படை திரும்பி வந்துவிட்டது. எரேமியா காவல் முற்றத்தில் கைதி. ஒன்றுவிட்ட சகோதரன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். நிலம் மதிலுக்கு வெளியே, எதிரி சூழ்ந்த பக்கம். எந்த மேனேஜரும் அந்த நிலத்தின் பேரில் காலணா கடன் கொடுக்க மாட்டார். எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று, ரெண்டையும் பாருக்கிடம் கொடுத்து மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். நெடுநாள் கெடாமலிருக்க. இந்த மண்ணில் மறுபடி வீடும் நிலமும் வாங்குவார்கள் என்பது அதன் பொருள்.

முன்பு ஜாடியை உடைத்தவர் இப்போது ஜாடிக்குள் பத்திரம் வைக்கிறார். ஆண்டைகளின் சத்தியம் பயம் தீரும்வரை நின்றது. இவருடைய நம்பிக்கையோ கைக்காசு போட்டு, சாட்சியோடு எழுதப்பட்டது. அனனியாவின் நம்பிக்கைக்குச் செலவே இல்லை.

பிறகு அவரைச் சேற்றுக் கிணற்றில் இறக்கிச் சாகவிட்டார்கள். தூக்கிவிட்டவர் அரண்மனை ஊழியரான ஓர் எத்தியோப்பியர். எபெத்மெலேக் என்று கூப்பிட்டார்கள். ‘அரசனின் அடிமை’ என்று அர்த்தம். கக்கத்தைக் கயிறு அறுக்காதிருக்கப் பழந்துணியும் சேர்த்து இறக்கினார் அவர்.

கி.மு. 587 வாக்கில் நகரம் விழுந்தது. எரேமியா புத்தகத்தின் 39ஆம் அதிகாரத்தில் ஒரு வரி, பலர் தாண்டிப் போகிற வரி: ஒன்றுமில்லாத ஏழைகளுக்குப் பாபிலோன் தளபதி திராட்சைத் தோட்டமும் வயலும் கொடுத்தான். கருணையால் என்று நம்ப வேண்டியதில்லை. அறுவடைக்கு ஆள் வேண்டும். ஆனாலும் பிரபுக்களுக்கு அழிவாக முடிந்த நாள், நிலமற்றவன் கையில் நிலம் வந்த நாளாகவும் இருந்தது. எங்களோடு பாபிலோனுக்கு வா என்று தளபதி கூப்பிட்டும் எரேமியா போகவில்லை. மீந்த ஜனங்களோடு தங்கினார். பின்னால் எகிப்துக்குப் போகாதீர்கள் என்றவரை அங்கேயே கொண்டுபோனார்கள். வாங்கிய நிலத்தை அவர் உழுததாக எந்த வரியும் இல்லை.

1982இல் எருசலேம் அகழாய்வில் களிமண் முத்திரைகள் கிடைத்தன. ஏடுகள் எரிந்தன, அந்தத் தீயிலேயே களிமண் வெந்து இறுகியது. ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியாவின் பெயர். சுருளை எரிக்காதே என்று மன்னனைத் தடுத்தவர்களில் ஒருவருக்கும் அதே பெயர்.

ஒரு கேள்வியோடு முடிக்கிறேன், விவாதிப்போம். எரேமியாவின் பத்திரம் ஒரு ஆசாரியக் குடும்பத்துச் சொத்து. அந்த ஏழைகளின் வயலுக்கு யார் பத்திரம் எழுதினார்கள்? நாடு கடத்தப்பட்டவர்கள் பிற்பாடு திரும்பி வந்தபோது அவர்களுக்குச் சாட்சி நின்றது யார்?