தண்டனை யார்மேல் விழ வேண்டும்?

(சுருவிலில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



போதைப்பொருள் ஒழிப்புப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இப்பந்தலின் கீழ் அமர்ந்திருப்போரில் போதைப்பொருளை ஆதரிப்பவர் ஒருவரும் இலர். ஆதலால் அதன் தீமைகளை அடுக்கி உரைத்துக் கைதட்டல் பெற்றுச் செல்வது எனக்கு எளிது. அந்த எளிய வேலையைச் செய்வதற்காக நான் இங்கு வரவில்லை.

சென்ற மாதம் இத்தீவுப் பகுதியைச் சேர்ந்த தாயார் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகனுக்கு வயது பத்தொன்பது. ஐஸ் எனப்படும் நஞ்சுக்கு அடிமையாகிவிட்டான். வீட்டிலிருந்த நகை போயிற்று. தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் போயிற்று. அத்தாயார் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, நீங்கள் சட்டம் படிச்ச பிள்ளை. பொடியனைப் பொலிசிலை குடுக்கிறதோ, வீட்டுக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்கிறதோ, சொல்லுங்கோ." இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களில் வாதாடிய நான் அந்தத் தாயார் முன்னிலையில் வாயடைத்து நின்றேன். அக்கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய என் உரையின் நோக்கம்.

நாற்பது ஆண்டுகளாக நிற்கும் தூக்குமேடை

நமது நாட்டின் சட்டம் மென்மையானது, ஆகவேதான் போதைப்பொருள் பெருகிற்று என்று மேடைகளிற் சொல்லப்படுகிறது. இது உண்மையன்று. 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகரமான மருந்துகள் கட்டளைச் சட்டம் 1984இல் 13ஆம் இலக்கச் சட்டத்தாற் திருத்தப்பட்டது. அன்று முதல் 2 கிராம் தூய ஹெரோயின் வைத்திருந்தவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை என்பதே இந்நாட்டின் சட்டம். அபாயகரமான மருந்துகள் கட்டுப்பாட்டுச் சபை தோன்றியதும் அதே ஆண்டிற்றான். 2022இல் 41ஆம் இலக்கச் சட்டம் ஐஸையும் கடுந்தண்டனைப் பட்டியலிற் சேர்த்தது. உலகிலுள்ள கடுமையான போதைப்பொருட் சட்டங்களுள் நமது சட்டமும் ஒன்று.

இந்நாட்டில் இறுதியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976இல். 2019 ஜனவரியில் மணிலா சென்ற அன்றைய சனாதிபதி சிறிசேனா, பிலிப்பைன்ஸ் அதிபர் டுட்டர்ட்டேயின் போதைப்பொருட் போரை உலகுக்கே முன்மாதிரி எனப் புகழ்ந்தார். அவ்வாண்டு ஜூனில் நால்வரைத் தூக்கிலிடும் ஆணையிற் கையொப்பமிட்டதாக அறிவித்தார். அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. யாரை நம் சனாதிபதி முன்மாதிரி என்றாரோ, அந்த டுட்டர்ட்டே 2025 மார்ச்சிற் கைதாகி, மானிட குலத்துக்கு எதிரான குற்றச்சாட்டின்பேரில் ஹேக் நகரின் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

பின்னர் 2023 டிசம்பர் 17ஆந் தேதி "யுக்திய" என்னும் நடவடிக்கை தொடங்கிற்று. ஏறக்குறைய ஒரு மாத காலத்துள் 29,000 பேருக்கு மேல் கைதாகினர் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமை வல்லுநர்கள் 2024 ஜனவரியிற் சுட்டிக்காட்டி, அந்நடவடிக்கையைக் கண்டித்தனர். ஒரு மாதத்தில் இருபத்தொன்பதாயிரம் கடத்தல் மன்னர்கள் அகப்படுவார்களா? அகப்பட்டவர்களிற் பெரும்பாலார் யாராயிருப்பர் என்பதை ஊகித்தறிய சட்டப்புலமை வேண்டியதில்லை. சந்தியில் நின்ற பொடியன், கூலிக்குப் பொதி சுமந்தவன், நஞ்சு இல்லாவிடின் உடல் நடுங்குபவன், இவர்களே எளிதிற் கைக்கு எட்டுபவர்கள். சிறை நிரம்பும்; சந்தை குறையாது. ஒருவன் இடத்துக்கு மறுநாள் இன்னொருவன் வந்து சேருவான்.

இன்றைய அரசு 2025 ஒக்டோபர் 30ஆந் தேதி "முழு நாடுமே ஒன்றாக" என்னும் தேசிய நடவடிக்கையை ஆரம்பித்தது. பெயர் நல்ல பெயர். நம் பிள்ளைகளைக் காக்க யார் முன்வந்தாலும் தமிழர் கைகொடுப்பர். ஆனால் அந்த "முழு நாடு" என்னும் சொல்லுள் இத்தாயாரின் வீடும் அடங்குமா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

நோயாளிக்கு வைத்தியமா, முகாமா?

அடிமையானவனைத் திருத்துவதற்குச் சட்டமில்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் வழி செய்கிறது. ஆயின் நடைமுறையிற் கண்டது யாது? பொலநறுவை மாவட்டத்துக் கந்தக்காட்டில், படையினரின் மேற்பார்வையில் ஒரு புனர்வாழ்வு நிலையம். 2022 ஜூன் இறுதியில் அங்கிருந்தவர் ஒருவர் உயிரிழந்தார். நூற்றுக்கணக்கானோர் வேலியைக் கடந்து தப்பி ஓடினர். படையினர் சிலரும் கைதாகினர். வைத்தியசாலையிலிருந்து நூற்றுக்கணக்கான நோயாளிகள் ஒரே நாளில் தப்பி ஓடியதாக எங்கேனும் கேட்டதுண்டா? அவ்வாண்டு கொண்டுவரப்பட்ட புனர்வாழ்வுப் பணியக மசோதா அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் கூறியது. அதன் பின்னரே அது திருத்தம் பெற்று 2023இன் 2ஆம் இலக்கச் சட்டமாயிற்று.

போர்த்துக்கல் என்னும் தேசம் 2001இல் வேறு வழி சென்றது. விற்பவனுக்குச் சிறை என்பதை அது கைவிடவில்லை. சொந்தப் பாவனைக்குச் சிறிதளவு வைத்திருந்தவனை மாத்திரம் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலக்கி, சட்டம் அறிந்தவரும் மருத்துவம், சமூகப்பணி ஆகியன அறிந்தவரும் அமர்ந்த ஆணைக்குழுவின் முன் நிறுத்தியது. நானூறு ஆண்டுகளுக்கு முன் நம்மை அடிமைகொள்ள வந்த நாடு அது. அந்நாட்டிடமிருந்தும் நல்லதைக் கற்பதில் நமக்கு இழிவில்லை.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். மன்னன் குடிகளை வெருட்டி ஆளலாகாது என்பதற்காக வெருவந்த செய்யாமை என்றோர் அதிகாரத்தையும் அவரே வகுத்தார். போதையை வெறுப்பவன் கொடுங்கோலை விரும்ப வேண்டும் என்ற நியதி தமிழில் இல்லை.

அனுப்பும் நாட்டைத் தண்டிக்கலாமா?

இனி வேறொரு குரலும் கேட்கிறது. "நஞ்சு இங்கு விளையவில்லை, கடலால் வருகிறது. அனுப்பும் நாட்டைத் தண்டியுங்கள், வாணிகத்தைத் தடுங்கள், அக்கரைப் படகைக் கண்டால் சுடுங்கள்" என்பது அக்குரல். இழுவைப் படகுகளால் வலையிழந்து வயிறெரியும் நம் கடற்றொழிலாளரிடம் இக்குரல் எளிதிற் செல்லுபடியாகும். அதனாலேயே நின்று சிந்திக்க வேண்டும்.

ஹெரோயினின் ஊற்று ஆப்கானிஸ்தான். அது மக்ரான் கரையிலிருந்து படகேறித் தென்திசை வருகிறது. இடையிலுள்ள ஈரானோ, கடத்தல்காரருடன் பொருதித் தன் எல்லைக் காவலரை ஆயிரக்கணக்கில் இழந்த நாடு. கஞ்சாவோ பாக்கு நீரிணையைக் கடந்து நம் கரைகளுக்கே வருகிறது. எந்த நாட்டைத் தண்டிப்பது?

வல்லரசே செய்து பார்த்த காரியம் இது. 1986 முதல் அமெரிக்கா, போதைப்பொருள் ஒழிப்பில் ஒத்துழையாத நாடுகளை ஆண்டுதோறும் தரம்பிரித்து உதவியை வெட்டும் முறையைச் சட்டமாக்கியது. 1996இலும் 1997இலும் கொலம்பியா அவ்வாறு தள்ளிவைக்கப்பட்டது. அவ்வாண்டுகளிற் கொலம்பியாவிற் கொக்கா பயிர்ச்செய்கை குறையவில்லை, பெருகிற்று. 2025 செப்டெம்பர் முதல் அமெரிக்கப் படைகள் கரீபியன் கடலில் ஐயத்துக்குரிய படகுகளை வானிலிருந்து தாக்கின. முதற் தாக்குதலிலேயே 11 பேர் மாண்டனர் என்று அந்நாட்டின் அரசே அறிவித்தது. வழக்கில்லை, விசாரணையில்லை, தீர்ப்புமில்லை. 1985 மே 15ஆந் தேதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் நடந்ததை அறிந்த எந்தத் தீவகத்தானும், கடலில் விசாரணையின்றி உயிர் பறிக்கும் நீதியை ஆதரிக்க முடியுமா?

நாம் அறிந்த தடை

தடை என்பது நமக்கு ஏட்டுச் சுரைக்காயன்று. 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது இந்நாட்டு அரசே பொருளாதாரத் தடை விதித்தது. எரிபொருள், மின்கலம், சவர்க்காரம், சீமெந்து, யூரியா யாவும் தடைப்பட்டியலில் இருந்தன. வெங்காயம் செய்தவன் உரமின்றி வாடினான். மீனவன் எண்ணெயின்றிக் கரையில் இருந்தான். மிதிவண்டியின் சில்லைச் சுழற்றி மின் எடுத்து வானொலி கேட்டோம். ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கின் ஒளியிற் பிள்ளைகள் படித்தனர். இங்கு பேசுகின்ற நானும் அவ்விளக்கிற் படித்தவன்தான். ஆயுதம் ஏந்தியவனை ஒடுக்கவே தடை என்றார்கள். ஆயுதத்துக்கு வழி எப்படியோ திறந்தது. அடைபட்டது ஆஸ்பத்திரி மருந்துக்கான வழியே.

பிறர்மீது விதித்த தடையும் நம்மவர்மீது வந்து விழும். சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகெண்ணெய்க்கென அமைந்தது. 2012இல் அமெரிக்கத் தடை இறுகியபோது அவ்வழி அடைபட்டது. வாங்கிய எண்ணெய்க்கு 251 மில்லியன் டொலர் கடன் நின்றது. தேயிலையாக அதனைத் தீர்ப்பதென 2021 டிசம்பரில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஈரான் இலங்கைத் தேயிலையின் பெரிய வாடிக்கை நாடுகளுள் ஒன்று. அதன்மீது விழுந்த அடியின் அதிர்வு மலையகத்திற் கொழுந்து பறிக்கும் நம் சகோதரியின் கூடைவரை வந்து சேர்ந்தது. அவள் எந்த நாட்டுக்குப் பகைவி?

அப்படியானால் தடையே கூடாதா? அவ்வாறு நான் கூறவில்லை. தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சியின்மீது தடை கோரியவர்கள் அங்கு ஒடுக்கப்பட்ட மக்களேயாவர். தடையின் துன்பத்தை அறிந்தே அவர்கள் கேட்டனர். நம் விடயத்திற் கனடா 2023 ஜனவரியில் மகிந்த ராஜபக்சமீதும் கோத்தாபய ராஜபக்சமீதும் தடை விதித்தது. பிரித்தானியா 2025 மார்ச்சில் முன்னாட் படைத்தளபதிகள் மூவர்மீதும், கருணா என அறியப்பட்ட விநாயகமூர்த்தி முரளிதரன்மீதும் தடை விதித்தது. அத்தடைகளால் எந்தச் சிங்கள உழவனின் உரமும் நிற்கவில்லை; எந்தக் குழந்தையின் மருந்தும் மறிக்கப்படவில்லை. பிடியாணையைப் போல அவை பெயர் குறித்து விதிக்கப்பட்டவை. அரசுக்கும் குடிமகனுக்குமிடையே நீதி கோருவதும் இதைத்தான்: குற்றம் செய்தவன் பெயரைச் சொல், சான்றைக் காட்டு, அவனைத் தண்டி. ஒரு நாட்டையோ, ஓர் ஊரையோ, ஒரு தொழிலையோ மொத்தமாகத் தண்டியாதே.

நாம் கேட்பன

ஒத்துழைப்பாற் பயனுண்டு என்பதற்குச் சான்றும் உண்டு. 2024 நவம்பரில் இலங்கைக் கடற்படை தந்த தகவலின்பேரில் இந்தியக் கடற்படை அரபிக் கடலில் இலங்கைக் கொடி தாங்கிய இரு படகுகளை மறித்தது. அவற்றில் ஏறத்தாழ 500 கிலோ ஐஸ் அகப்பட்டது. இரு நாடுகளும் பகைத்து நின்றிருப்பின் அந்த நஞ்சு கரை சேர்ந்திருக்கும். ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிற் போதை மீட்புக்கென நிலையான சிகிச்சைப் பிரிவு இயங்க வேண்டும். அது மருத்துவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். படையினரின் பொறுப்பில் அன்று. சிகிச்சைக்குத் தானாக வருபவன் தன் பாவனைக்காக வழக்கைச் சந்திக்க மாட்டான் என்ற உறுதியைச் சட்டமே தர வேண்டும்.

இரண்டாவது, சிறு பொதியோடு அகப்பட்டவனிடமிருந்து விசாரணை மேல்நோக்கிச் செல்ல வேண்டும். பொதி யார் கொடுத்தது, பணம் எந்த வங்கிக்குப் போயிற்று, எந்தக் காணியாக மாறிற்று என்று தேடிக் கண்டு, அச்சொத்தை நீதிமன்றின் ஆணையாற் பறிக்க வேண்டும்.

மூன்றாவது, படைமுகாம்களும் கடற்படைத் தளங்களும் சூழ்ந்த இக்கரைகளில் நஞ்சு எவ்வாறு இறங்குகிறது என்பதற்குச் சுதந்திரமான விசாரணை வேண்டும். ஐயம் சான்றாகாது; யாரையும் நான் குற்றஞ்சாட்டவில்லை. ஆயின் ஐயத்தைத் தீர்க்கும் கடமை அதிகாரம் உடையவனுக்கே உரியது.

நான்காவது, கடலிற் செல்லும் தொழிலாளி ஒவ்வொருவனையும் கடத்தல்காரனாகக் கருதும் போக்கு ஒழிய வேண்டும். இழுவைப் படகுப் பிணக்கு வேறு. கஞ்சாக் கடத்தல் வேறு. முன்னதைப் பேசித் தீர்க்க வேண்டும். பின்னதை வழக்காடித் தீர்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் இரு கரைத் தமிழனும் கெடுவான். நடுக்கடலில் நிற்கும் கடத்தல்காரன் மாத்திரமே வாழ்வான்.

அன்பர்களே, அரசிடம் மட்டும் கேட்டு நாம் ஓய்ந்துவிட முடியாது. அடிமையான பிள்ளையின் வீட்டை ஒதுக்கிவைக்கும் ஊரும் ஒருவகைத் தடையையே விதிக்கிறது. அந்த வீட்டாரோடு பேசாதே, கொள்வனை கொடுப்பனை செய்யாதே என்று நாமே கட்டளையிடுகிறோம். கடத்தல்காரன் கார் வாங்கினால் திருவிழாவில் அவனுக்கு முதல் மரியாதை. அடிமையானவனின் தாய்க்கோ கோயில் வாசலில் முகச்சுளிப்பு! அரசின் அநீதியைக் கண்டிக்கும் நாம் நம் வாசலில் உள்ள அநீதியை முதலில் ஒழிக்க வேண்டாமா?

அந்தத் தாயாருக்கு நான் சொன்ன விடையை இங்கும் சொல்கிறேன். "அம்மா, பொலிசிடமும் கொடுக்க வேண்டாம், ஒளித்தும் வைக்க வேண்டாம். வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள், நானும் வருகிறேன்" என்றேன். தெல்லிப்பழை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு மூவரும் பேருந்திற் சென்றோம். சுருவிலிலிருந்து அது நெடிய வழி. அவ்வழியை அவர் இனித் தனியே செல்லாதிருக்கச் செய்வது இவ்வூரின் கடமை. அவ்வழியைக் குறுக்குவது அரசின் கடமை. இரண்டுக்காகவும் உழைப்போமாக.