கம்பெனியும் கூட்டாளியும்



திருப்பூரில் பின்னலாடை தைக்கும் இடம் எதுவாயினும், மக்கள் அதனைப் ‘பனியன் கம்பெனி’ என்றே வழங்குவர். பத்துத் தையல் இயந்திரங்கள் ஓடும் சிறு கூடமும் கம்பெனிதான். நூற்றுக்கணக்கானோர் உழைக்கும் பெரிய கூடமும் கம்பெனிதான். ஆனால் சட்டத்தின் பார்வையில் இவற்றுட் பல கம்பெனிகள் அல்ல, கூட்டாண்மை நிறுவனங்களே. இது வெறும் சொல் வேறுபாடன்று. ஒரு குடும்பத்தின் வீடும் தோட்டமும் நிலைப்பதும் போவதும் இதனைப் பொறுத்தது.

இரு நண்பர்கள் கூடித் தொழில் தொடங்குகின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் பணம் போடுகிறார். மற்றவர் தொழில் அறிந்தவர். தொழில் அறிந்தவர் வியாபாரத்துக்காகக் கடனுக்கு நூல் வாங்குகிறார். தொழில் நொடித்துவிடுகிறது. கூட்டாண்மையாயின், நூல் விற்றவர் முழுத் தொகையையும் இருவரில் எவரிடமும் கேட்கலாம்; சொந்தச் சொத்தும் அக்கடனுக்குப் பொறுப்பாகும். லிமிடெட் கம்பெனியாயின், கம்பெனியே சட்டத்தின் முன் தனியொரு நபர். பங்குதாரர் தனியே ஜாமீன் கையெழுத்து இட்டாலொழிய, அவர் பொறுப்பு தம் பங்குத் தொகையோடு பொதுவாக நின்றுவிடும்.

இத்தகைய கூட்டாண்மைச் சட்டத்துக்குத் தெளிந்த உருவம் தந்த அறிஞர் சர் பிரெடரிக் பொல்லாக். 1845இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1876இல் ஒப்பந்தம் பற்றியும், 1877இல் கூட்டாண்மை பற்றியும் நூல்கள் இயற்றினார். நீதிமன்றத் தீர்ப்புகளில் சிதறிக் கிடந்தவற்றைத் தொகுத்து, ஒவ்வொன்றையும் சுருங்கிய விதியாக்கினார். 1883 முதல் 1903 வரை ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக விளங்கினார். 1885இல் தொடங்கிய சட்டக் காலாண்டிதழின் முதல் ஆசிரியரும் அவரே. அவர் வரைந்த மசோதாவே, பல ஆண்டுகள் காத்திருந்து, 1890இல் இங்கிலாந்தின் கூட்டாண்மைச் சட்டமாயிற்று. 1894இல் கல்கத்தாவில் தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். பம்பாய் அறிஞர் தின்ஷா முல்லாவுடன் சேர்ந்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்கு உரையும் எழுதினார். 1937இல் மறைந்தார்.

நம் நாட்டில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் ஓர் அத்தியாயமாக இருந்த கூட்டாண்மை, 1932இல் தனிச் சட்டமாயிற்று. அதனை ஆராய்ந்த குழுவில் முல்லாவும், சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் இருந்தனர். ஆங்கிலச் சட்டத்தின் சாயல் அதில் நன்கு தெரியும். ஆக, ஆக்ஸ்போர்டு ஆசிரியரின் உழைப்பு நொய்யல் கரைவரை வந்து சேர்ந்தது.

அச்சட்டத்தின் இரு விதிகளை நினைவிற் கொள்ளுங்கள். வேறு உடன்பாடு இல்லையெனில், போட்ட முதல் எவ்வளவாயினும் லாபமும் நட்டமும் சமபங்கே. பதிவு செய்யாத நிறுவனம், தனக்கு வரவேண்டிய பாக்கிக்காக வெளியார்மீது ஒப்பந்த வழக்குத் தொடுப்பது பொதுவாக இயலாது. நம்பிக்கையால் வாய்ச்சொல்லிலேயே தொழில் தொடங்குவோர், மனக்கசப்பு வந்தபின்தான் இவற்றை அறிகின்றனர்.

2008ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்த பொறுப்புடைய கூட்டாண்மைக்கும் வழி வகுத்துள்ளது. எவ்வழி உகந்தது என்பதைத் தொழிலின் அளவும் துணிவும் தீர்மானிக்கும். உங்கள் இல்லத்தில் தந்தையோ மாமனோ தொழிலில் கூட்டுச் சேர்ந்திருந்தால், இன்று மாலை ஒன்று கேளுங்கள்: “நம் கம்பெனிக்கு எழுத்து உண்டா? பதிவு உண்டா?” சட்டக் கல்வியின் முதற்பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.