வண்டி அவருடையது, ஜாக்கி மட்டும் நம்முடையதா?

(திண்டிவனத்தில் நடந்த லாரித் தொழிலாளர் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்துக்கு லாரி டிரைவர்களும் கிளீனர்களும் மட்டும் வரவில்லை. ஆலைத் தோழர்கள் வந்திருக்கிறார்கள். மயிலம், வானூர், விக்கிரவாண்டி பக்கத்து விவசாயத் தொழிலாளர்களும் வந்திருக்கிறார்கள். "லாரிக்காரர் கூட்டத்தில் எங்களுக்கு என்ன வேலை?" என்று ஒரு பெரியவர் வாசலில் கேட்டார். ஐயா, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன் யார்? உங்கள் பிள்ளைதான். கரும்பு வெட்டியவன் மகன் இன்று கரும்பு லாரி ஓட்டுகிறான். மரக்காணம் உப்பளத்தில் கால் வெந்தவன் மகன் உப்பு லோடு ஏற்றிப் போகிறான். ஆகவே இது உங்கள் வீட்டுப் பிரச்னை.

சில நாட்களுக்கு முன் மயிலம் பக்கத்து வாலிபர் ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். தகப்பனார் கரும்பு வெட்டும் கூலி. சிறு வண்டி லைசென்ஸ் எடுத்து, ஒரு வருஷம் காத்திருந்து, தாயாரின் கம்மலை அடகு வைத்து ஹெவி லைசென்ஸ் எடுத்திருக்கிறார். இரண்டு இடத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "எதற்குப் போகட்டும், தோழர்?" என்று கேட்டார். காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கை உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் இடம் வெளி ஜில்லாவில் பல லாரி வைத்திருக்கும் முதலாளி. "மாதம் 30,000 பார்க்கலாம்" என்கிறார். கவனியுங்கள் தோழர்களே, தருகிறேன் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்கிறார். ட்ரிப்புக்கு 3,000 ரூபாய், பத்து ட்ரிப் அடித்தால் 30,000. ஆனால் அன்லோடிங்குக்காகக் குடோன் வாசலில் இரண்டு நாள் நின்றால் அதற்குக் காசு இல்லை. அங்கே ஓட்டும் டிரைவர்களை விசாரித்தோம். ஏழு ட்ரிப்தான் கிடைக்கிறது என்றார்கள். ஆக 21,000. ரோட்டில் 26 நாள் சாப்பாடு, நாளுக்கு 300 வீதம் 7,800, சொந்தக் கையிலிருந்து. மீதி 13,200.

இதோடு முடியவில்லை. தார்ப்பாய், கயிறு, ஜாக்கி, வீல் ஸ்பேனர், கேபினுக்கு ஃபேன், போன் ஸ்டாண்டு, முன் கண்ணாடியில் மாட்டும் கேமரா எல்லாம் டிரைவர் பொறுப்பாம். மொத்தம் 18,000 ரூபாய். ரொக்கம் இல்லையென்றால் மாதம் 2,000 வீதம் ஒன்பது மாதம் பிடித்துக்கொள்வார்களாம். அதுவரை பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் முதலாளியின் பீரோவில் இருக்குமாம். கையில் நிற்பது 11,200. நாளுக்கு 430 ரூபாய். 14 மணி நேரம் விழித்திருப்பவனுக்கு மணிக்கு 31 ரூபாய்கூட இல்லை.

இரண்டாவது இடம் திண்டிவனத்திலேயே. இரண்டு லாரி வைத்திருப்பவர். சென்னைக்கு லோடு. மாதம் 18,000 சம்பளம், நாளுக்கு 250 பேட்டா. சாமான் எல்லாம் வண்டியிலேயே இருக்கிறது. பேட்டா சாப்பாட்டுக்குச் சரியாகப் போகும், சம்பளம் வீட்டுக்கு வரும். 26 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 692 ரூபாய். 12 மணி நேர வேலை என்று வைத்தாலும் மணிக்கு 57 ரூபாய்.

30,000 என்று கேட்டுக் கனவு கண்ட தம்பி, காகிதத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

தோழர்களே, இரண்டாவது முதலாளி தர்மவான் என்று நான் சொல்லவில்லை. அவரும் நியமனக் கடிதம் தர மறுக்கிறார். என் கேள்வி வேறு. லாரி யாருடையது? வாடகை யாருக்குப் போகிறது? தார்ப்பாய் மூடிக் காப்பாற்றுவது யார் சரக்கை? லாபம் முழுவதும் அவருக்கு, அந்த லாபத்தைச் சம்பாதிக்கும் கருவிக்கு விலை மட்டும் கூலிக்காரன் தலையிலா?

வந்திருக்கும் விவசாயத் தோழர் ஒருவர் கேட்கலாம்: "நாங்கள் அறுப்புக்குப் போனால் எங்கள் அரிவாளைத்தானே கொண்டுபோகிறோம்?" நியாயமான கேள்வி. அந்த அரிவாள் இன்று ஒரு வயலுக்குப் போகும், நாளை வேறு வயலுக்குப் போகும், சாயங்காலம் உங்கள் வீட்டுக் கூரையில் செருகியிருக்கும். அது உங்களுடையது. முதலாளியின் லாரிக்கு அளவெடுத்த தார்ப்பாயை டிரைவர் எந்த வீட்டுக்குக் கொண்டுபோவார்? ஆலைத் தோழர்களைக் கேளுங்கள், தறியை யாராவது தோளில் சுமந்துகொண்டா ஷிப்டுக்கு வருகிறார்கள்? விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் எந்த டிரைவரையாவது ஜாக்கி வாங்கி வா என்கிறார்களா?

ஆகவே ஒரு விதியை மனதில் வையுங்கள். வேலையை விட்டு இறங்கும்போது நம்மோடு வருவது நம் செலவு: பாய், போர்வை, தட்டு, டம்ளர், சொந்த போன். வண்டியோடு நிற்பது முதலாளி செலவு. நம் சொந்த போனில் கம்பெனியின் வேலை ஓடினால், அதற்கான நெட் காசும் கம்பெனியைச் சேர்ந்தது.

இது நம் ஆசை மட்டுமல்ல. 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே, வேலைக்கு வேண்டிய கருவியைக் கொடுத்துவிட்டு அதைச் சேவை என்று சொல்லிச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்றது. அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பிலும் அந்த ஷரத்து இருக்கிறது. சரக்கு சேதமானாலும், டிரைவரின் நேரடி அஜாக்கிரதை என்று காட்டவேண்டும். அவர் சமாதானம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே பிடிக்கலாம். முதலாளிக்கு இது தெரியும். தெரிந்துதான் "நான் கொடுத்துப் பிடிக்கவில்லை, நீயே கடையில் வாங்கிக்கொண்டு வா" என்கிறார். சட்டத்தின் சந்து வழியாக நழுவப் பார்க்கிறார்.

கருவிக்கடன் தீரும்வரை சர்டிபிகேட் பீரோவில் என்றால் என்ன அர்த்தம்? உங்கள் பாட்டன்மார்களைக் கேளுங்கள். முன்பணம் வாங்கியவன் வேறு பண்ணைக்குப் போகமுடியாது என்றார்களே, அதே விலங்கு! அந்தக் கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. இன்று அது டயர் மாட்டிக்கொண்டு தேசிய நெடுஞ்சாலையில் ஓடப்பார்க்கிறது.

சர்க்கார் என்ன செய்கிறது? 1961ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. ஐந்து தொழிலாளி இருந்தால் போதும், அந்த நிறுவனத்துக்குச் சட்டம் பொருந்தும். 2025 நவம்பர் 21ல் மத்திய சர்க்கார் நான்கு சட்டத்தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய சட்டம் அதற்குள் கரைந்தது. ஐந்து என்பது பத்தாகிவிட்டது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இரண்டு லாரி, மூன்று லாரி வைத்திருப்பவர்களே அதிகம். அவர்களிடம் வேலை செய்யும் தம்பிகளுக்கு ஐந்தும் எட்டவில்லை, பத்தும் எட்டாது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. வேண்டும் என்று 2023ல் உத்தரவு போட்டார்கள். நல்லது. ஆனால் நம் தம்பிகள் ஓட்டுவது பழைய வண்டி. சித்திரை வெயிலில் எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டு, ஃபேனுக்கும் அவர்களே காசு கொடுக்கவேண்டும் என்கிறார்கள்!

ஆகவே புதிதாகச் சாவி வாங்கப் போகும் தம்பிகளே, நான்கு கேள்வி கேளுங்கள். ஒன்று, லோடு இல்லாமல் நிற்கும் நாளுக்கு என்ன தருவீர்கள்? இரண்டு, வண்டியில் என்னென்ன சாமான் இருக்கிறது, யார் கணக்கில்? மூன்று, வண்டி இன்சூரன்சும் எஃப்.சி.யும் எந்தத் தேதி வரை? சம்பள டிரைவருக்கு விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு அந்த இன்சூரன்சிலிருந்தே வரவேண்டும். நான் உங்கள் டிரைவர் என்பதற்கு எழுத்து எங்கே? நான்கு, ஓவர்லோடு ஏற்றச் சொல்வீர்களா? 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் மேலும். ஏற்றச் சொன்னவரும் குற்றவாளிதான். ஆனால் ரோட்டில் அகப்படுவது டிரைவர்.

இந்தக் கேள்வியைத் தனியாகப் போய்க் கேட்டால் "வேறு ஆள் கிடைப்பான்" என்பார். மயிலம் தம்பி தனியாகப் போகவில்லை. திண்டிவனத்து மூத்த டிரைவர்கள் இருவர் கூடப் போனார்கள். நியமனக் கடிதம் இன்னும் கிடைக்கவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தார்ப்பாய் முதல் ஸ்பேனர் வரை வண்டிக் கணக்கில் என்று நோட்டில் எழுதி, தேதி போட்டு, முதலாளி கையெழுத்து வைத்தார். அந்த நோட்டு தம்பியின் பையில் இருக்கிறது. நாளை அவர்தான் டிரைவர் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

மூன்று பேர் போய் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். இந்த ரோட்டில் ஓடும் டிரைவர்கள் அத்தனை பேரும் ஒன்றாகப் போனால்? லைசென்ஸ் எடுத்த ஒவ்வொரு தம்பியும் சாவியை வாங்குவதற்கு முன் யூனியனில் பெயர் எழுதுங்கள். ஓட்டுநர் நல வாரியத்திலும் பதிவு செய்யுங்கள். ஆலைத் தோழர்களே, விவசாயத் தோழர்களே, உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து இங்கே அழைத்து வாருங்கள்.

வண்டி முதலாளியுடையது. ஜாக்கியும் முதலாளியுடையதாகவே இருக்கட்டும். நம் உழைப்பின் கூலி முழுசாக நம் வீடு வந்து சேரட்டும்!